எல்லிங்டனின் நியூபோர்ட் ஆல்பம்: பழைய எல்பியா, 1999 சிடியா?

மாடிவீட்டு_ஸ்பீக்கர் எழுதியது:

வணக்கம். நான் கீபோர்டு வாசிப்பவன். ஜாஸில் இதுவரை மூன்று பேர், நான்கு பேர் வாசிக்கும் சின்னக் குழுக்களைத்தான் கேட்டிருக்கிறேன். பிக் பேண்ட், அதாவது பதினைந்து பேர் போல வாசிக்கும் பெரிய குழு, அந்தப் பக்கம் எங்கிருந்து நுழைவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது பழைய ரெக்கார்டு விற்கிற ஒருவரிடம் டியூக் எல்லிங்டனின் நியூபோர்ட் ஆல்பம், அதாவது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடக்கும் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் 1956ல் நேரடியாகப் பதிவானது என்று அட்டையில் போட்டிருக்கும் எல்பி, கிடைத்தது.

எல்லோரும் கொண்டாடுகிற அந்த நீளமான பாட்டு, 'டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ', அதில் சாக்சபோன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஊசியை மாற்றிப் பார்த்தேன், அதே கதை. ஒரு நண்பர் 1999ல் வந்த இரட்டை சிடியைக் கொடுத்தார். அதில் அதே சாக்சபோன் முன்னால் வந்து நிற்கிறது. சரி, சுத்தம் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தால், 'ஜீப்ஸ் ப்ளூஸ்' எல்பியில் ஒரு மாதிரியும் சிடியில் வேறு மாதிரியும் இருக்கிறது. சத்தத்தைச் சொல்லவில்லை, வாசிப்பே வேறு. ஒரே ராத்திரியில் எப்படி இரண்டு?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இசையமைத்தவரும் குழுத் தலைவருமான எல்லிங்டன் பியானோக்காரர் என்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டில் பியானோவே சரியாகக் காதில் விழவில்லை. சாக்சபோன்காரர் 27 சுற்று வாசிக்கும்போது தலைவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

எல்பி_கிறுக்கன் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் எல்பியில் பெரும்பகுதி ஸ்டுடியோ. கச்சேரி நடந்தது 1956 ஜூலை 7, சனிக்கிழமை. திங்கட்கிழமை, 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து மறுபடி வாசித்து, மேலே கைத்தட்டலை ஒட்டினார்கள். 'ஜீப்ஸ் ப்ளூஸ்' அப்படித்தான். முதல் பக்கத்தில் இருக்கும் விழா தொகுப்பிலும் நிறைய அப்படித்தான். நீங்கள் கேட்ட நீளமான பாட்டு மட்டும் நிஜமாகவே அந்த ராத்திரியில் மேடையில் வாசித்தது. சிடியை வைத்துக்கொள்ளுங்கள், எல்பியை அட்டைக்காகச் சுவரில் மாட்டுங்கள்.

மைக்செட்_முருகு எழுதியது:

கிறுக்கன் சொன்ன தகவல் சரி, தீர்ப்புதான் கொஞ்சம் அவசரம். தம்பி கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன, அதனால் நீளமாக எழுதுகிறேன். கச்சேரிக்கு மைக் செட் போடுவது என் தொழில். நான் இந்த ஆல்பத்துக்குள் போனதே அந்த மைக் விவகாரம் வழியாகத்தான்.

அன்று மேடையில் இரண்டு தரப்பு மைக்குகள் இருந்தன. ஒன்று கொலம்பியா கம்பெனியுடையது, ரெக்கார்டு போடுவதற்காக. இன்னொன்று வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியுடையது. ஒவ்வொன்றும் தனித் தனி லைனில் தனித் தனி டேப்புக்குப் போகிறது. அந்தச் சாக்சபோன்காரர் பால் கோன்சால்வஸ் சோலோ, அதாவது தனியாக வாசிக்கிற பகுதி, வாசிக்க எழுந்து முன்னால் வந்தார், வந்தவர் வானொலிக்காரர்களின் மைக்குக்கு நேராக நின்றுவிட்டார். கொலம்பியா டேப்பில் அவர் மற்ற மைக்குகள் வழியாகக் கசிந்துதான் விழுந்தார். உங்கள் ஊசியில் ஒரு குறையும் இல்லை தம்பி.

வாசிக்கிறவருக்கு எந்த மைக் யாருடையது என்று எப்படித் தெரியும்? கண்ணுக்கு எதிரே எது நிற்கிறதோ அதுதான் மைக். ஒரு கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் எங்கள் மைக்கை விட்டுவிட்டு வீடியோக்காரர் வைத்த மைக்கைப் பார்த்தே கடைசிவரை வாசித்தார். பந்தலுக்குத் தவில் மட்டும்தான் போனது. கமிட்டிக்காரர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

அந்த வானொலி டேப் பிறகு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. ஃபில் ஷாப் என்பவர் அதையும் கொலம்பியா டேப்பையும் எடுத்து, இரண்டு தனித் தனி மோனோ பதிவுகளையும் நேரம் பிசகாமல் ஒன்றோடு ஒன்று பொருத்தி ஸ்டீரியோவாக்கினார். எல்லிங்டன் பிறந்தது 1899, அவருடைய நூற்றாண்டான 1999ல் அது வெளியானது. இரண்டு டேப் மெஷின்கள் ஒரே வேகத்தில் ஓடவே ஓடாது. ஒரு பாட்டு முடிவதற்குள் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதைச் சேர்த்து வைத்த உழைப்பு லேசானதல்ல.

சரி, திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்கு ஏன் போனார்கள்? தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியனைத் திட்டுகிறவர்கள் நிறைய. நான் திட்டமாட்டேன். எல்லிங்டனும் அவரோடு சேர்ந்து இசையமைக்கும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து அந்த விழாவுக்கென்றே மூன்று பகுதி கொண்ட ஒரு தொகுப்பு எழுதினார்கள். ஒத்திகைக்குப் போதுமான நேரம் இல்லை. புதுப் பாட்டு மேடையில் அங்கங்கே தடுக்கியது. கம்பெனி அந்தப் புதுத் தொகுப்பை நம்பித்தான் ரெக்கார்டு போட வந்திருந்தது. அவர்கள் மறுபடி வாசிக்கச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. வெளியே சொல்லாமல் கைத்தட்டலை ஒட்டியதுதான் வருத்தம். ஒட்டின கைத்தட்டல் எப்படி இருக்கும் என்றால், பாட்டில் ஒன்றுமே நடக்காத இடத்தில் பொங்கும். நிஜக் கூட்டம் அப்படிப் பொங்காது.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம். 1956ல் எல்லிங்டன் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. போருக்குப் பிறகு பெரிய பேண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின. இவருடைய ஆல்டோ சாக்சபோன்காரர் ஜானி ஹாட்ஜஸ் 1951ல் விலகிப் போய், 1955ல்தான் திரும்பி வந்தார். அதே 1955 கோடையில் நியூயார்க் பக்கம் தண்ணீரில் நடக்கும் ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் பின்னணி வாசித்துச் சம்பாதித்த பேண்டு இது. நியூபோர்ட்டிலும் முதலில் மேடையேறியபோது சில ஆட்கள் வந்துசேரவில்லை. இரண்டு மூன்று பாட்டோடு இறங்கிவிட்டு, மற்றவர்கள் எல்லாம் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். மறுபடி ஏறும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது, கூட்டத்தில் கிளம்பிப் போகிறவர்களும் உண்டு. எல்லிங்டன் கடுப்பில் இருந்தார். அப்போது புதுத் தொகுப்பை வாசித்தார்கள். மரியாதைக்குக் கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் 1937ல் எழுதிய அந்தப் பழைய பாட்டை எடுத்தார். இங்கே ஒரு விஷயம் தெரிந்தால்தான் உங்கள் பியானோ கேள்விக்குப் பதில் வரும். அது ஒரே பாட்டு இல்லை, இரண்டு. முதலாவது முழு பேண்டோடு ஓங்கித் தொடங்கித் தேய்ந்துகொண்டே போகும். இரண்டாவது அடங்கிய குரலில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். 1937ல் 78 வேக ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் ஒன்று, மறு பக்கத்தில் ஒன்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான், ரெக்கார்டைத் திருப்பிப் போடுவதுதான் இடைவேளை. மேடையில் திருப்பிப் போட முடியாதே, நடுவில் என்ன செய்வது? 1940களில் அந்த இடைவெளியில் வேறு வேறு பாட்டுகளைச் செருகிப் பார்த்தார். 50களின் தொடக்கத்தில் அந்த இடத்தை கோன்சால்வஸிடம் கொடுத்தார். ஆகவே நியூபோர்ட்டில் நடந்தது வானத்திலிருந்து விழுந்த அதிசயம் இல்லை. பத்து வருஷத்துக்கும் மேலாக ஓர் இசையமைப்பாளர் தன் பாட்டின் நடுவில் இருந்த ஓட்டையை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் அதை எழுதி நிரப்பாமல் ஓர் ஆளைக் கொண்டு நிரப்பினார்.

இப்போது சிடியைப் போட்டுப் பாருங்கள். பாட்டைத் தொடங்குவதே பியானோதான். எல்லிங்டன் தனியாக ஆரம்பிக்கவில்லை, பாஸில் (நின்று வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஜிம்மி வுட், டிரம்ஸில் சாம் வுட்யார்ட் இரண்டு பேரும் கூடவே. இந்தச் சில சுற்றுகளில் அவர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று, வேகத்தை உட்கார வைப்பது. இந்த வேகத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் விரலாலேயே சொல்லிவிடுகிறார். பிறகு பேண்டு உள்ளே வருகிறது, தேய்கிறது, மறுபடி பியானோ, அப்புறம் கோன்சால்வஸ். ஒரு சுற்று என்பது 12 பார் (தாளக் கட்டு) கொண்ட ப்ளூஸ், அது 27 தடவை. கணக்குப் போட்டால் 324 பார். ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள்.

அந்த ஆறு நிமிடத்தில் ஊதுகிற மற்ற 11 பேர் ஊதவே இல்லை. பாஸ், டிரம்ஸ், பியானோ மட்டும். அதிலும் பியானோ என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தொடர்ந்து கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) போட்டு நிரப்பவில்லை. எங்கோ ஒரு குத்து, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இரண்டு குத்து. நிறைய இடத்தில் கையைத் தூக்கிவிட்டு வாயால் கத்திக்கொண்டிருக்கிறார். சோலோவுக்குப் பின்னால் கேட்கிற கூச்சலில் பாதி கூட்டத்துடையது இல்லை, மேடையிலிருந்தே வருகிறது. பேண்டு ஆட்களும் கத்துகிறார்கள், தலைவரும் கத்துகிறார். மேடை ஓரத்தில், இன்னொரு பெரிய பேண்டின் தலைவரான கவுண்ட் பேஸியின் பழைய டிரம்மர் ஜோ ஜோன்ஸ், ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு தாளம் தட்டினார். கூட்டத்தில் கறுப்பு உடை போட்ட ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, அங்கிருந்து ஆட்டம் பரவியது. கிளம்பிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

தம்பி, நீங்கள் கீபோர்டுக்காரர், அதனால் சொல்கிறேன். அன்று அந்தப் பாட்டை நிறுத்தும் அதிகாரம் இருந்தது ஒரே ஆளுக்கு. ஏழாவது சுற்றிலேயே தலையசைத்து பேண்டை உள்ளே கூப்பிட்டிருக்கலாம், பத்தாவதில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. 'பியானோ கேட்கவில்லை' என்கிறீர்களே, அந்தக் கேட்காமைதான் அவருடைய தலைமை. மேடையில் நான் பார்த்தவரை, குழுத் தலைவர்களில் பெரும்பாலானோர் கூட்டம் சூடேறினால் தாங்களே முன்னால் வந்துவிடுவார்கள்.

கோன்சால்வஸ் முடித்த இடத்தையும் பாருங்கள். நேராகப் பேண்டுக்குப் போகவில்லை. மறுபடி பியானோ கொஞ்ச நேரம். கூட்டத்தின் இரைச்சல் ஓர் அளவுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது பாட்டை அடங்கிய குரலில் தொடங்க முடியும், இல்லாவிட்டால் ஏறுவதற்கு இடமே இருக்காது. ஏறி ஏறி கடைசியில் கேட் ஆண்டர்சனின் டிரம்பெட் உச்சியில் போய்க் கத்தும்போது சிடியில் ஸ்பீக்கர் அதிரும்.

மாடிவீட்டு_ஸ்பீக்கர் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். சோலோவின் நடுவில் அவர் கையைத் தூக்கிவிடும் இடங்களில் பாஸ் தனியாகத் தெரிகிறது, முன்பு அது கேட்கவே இல்லை.

ஒரு சந்தேகம். பாட்டு முடிந்ததும் கூட்டம் கலவரம் மாதிரிக் கத்துகிறது. அதற்குப் பிறகு மெதுவான பாட்டுகள் ஏன்? நானாக இருந்தால் இன்னொரு வேகமான பாட்டைப் போட்டுத் தாக்கியிருப்பேன்.

கொழும்பு_வானொலி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எல்பியைச் சுவரில் மாட்டச் சொன்னதுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 1999 வரைக்கும் உலகம் கேட்டது அந்த எல்பியைத்தான். எல்லிங்டனின் ரெக்கார்டுகளிலேயே அதிகம் விற்றது அது. 1956 ஆகஸ்ட் 20 தேதியிட்ட டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. தான் பிறந்ததே 1956ல் நியூபோர்ட்டில்தான் என்று அவரே பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கிணற்றுச் சத்த சாக்சபோனைக் கேட்டுத்தான் சனம் எழுந்து ஆடியது. தூரத்துச் சத்தமாக இருந்ததால் எனக்கு அது இன்னும் பிடிக்கும், மைதானத்தின் பின்வரிசையில் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு.

நியூபோர்ட் வெற்றிக்குப் பிறகுதான் அவர் மறுபடி உலகம் முழுக்கப் போகிற ஆளானார். 1963ல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் அந்த பேண்டு சென்னைக்கும் வந்தது, எங்கள் கொழும்புக்கும் வந்தது. கோன்சால்வஸும் ஹாட்ஜஸும் அந்தப் பயணத்தில் இருந்தவர்கள். நவம்பரில் துருக்கியில் இருக்கும்போது கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்து பயணம் பாதியில் நின்றது. அந்தப் பயணத்திலிருந்து பிறந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற தொகுப்பை 1966 டிசம்பரில் பதிவு செய்தார்கள். நியூபோர்ட்டைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து அதற்குப் போகலாம், ஹாட்ஜஸ் வாசிப்பு அங்கே இன்னும் அழகு.

எல்பி_கிறுக்கன் எழுதியது:

எதிர்ப்பு ஏற்கப்பட்டது, ஆனால் மாட்டச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லி எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்த 27 சுற்று சோலோவைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு பெரிய சோலோ இல்லை. திரும்பத் திரும்ப வருகிற சங்கதிகள் நிறைய. கோன்சால்வஸே வேறு இடங்களில், மெதுவான பாட்டுகளில், இதைவிட நுட்பமாக வாசித்திருக்கிறார். அவருக்கு முன்னோடி, அதே பேண்டில் முன்பு சாக்சபோன் வாசித்த பென் வெப்ஸ்டர். எல்லிங்டன் பேண்டில் வெப்ஸ்டர் எப்படி ஒலித்தார் என்று தெரிய வேண்டுமானால் 1940 நவம்பர் 7, வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ என்ற ஊரில் ஒரு நடன மண்டபத்தில் பதிவானதைக் கேளுங்கள். 'ஸ்டார்டஸ்ட்' ஒன்று போதும்.

மைக்செட்_முருகு எழுதியது:

கிறுக்கனைத் திட்டமாட்டேன், பாதி ஒப்புக்கொள்கிறேன். தாளில் எழுதிப் பார்த்தால் அந்த சோலோவில் பெரிய கண்டுபிடிப்பு கிடையாது. கோன்சால்வஸ் அன்று சங்கதி தேடவில்லை, தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். வுட்யார்ட் இரண்டாவது, நான்காவது அடியில் போடுகிற அந்த அடி 27 சுற்றும் தளரவே இல்லை. எனக்கு அந்த ஆறு நிமிடம் வுட்யார்டின் சோலோ. இன்னொரு தகவல், கோன்சால்வஸ் வளர்ந்தது அதே ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாட்டக்கெட் என்ற ஊரில். நியூபோர்ட் அவருக்கு வெளியூர் இல்லை.

தம்பியின் கேள்வி. மெதுவான பாட்டு ஏன்? விழாவை நடத்திய ஜார்ஜ் வீன் பயந்துபோனார், நேரமும் தாண்டிவிட்டது, கூட்டம் மேடையை நோக்கி நெருக்குகிறது. முடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இந்த நிலைமையில் சட்டென்று நிறுத்தினால்தான் நாற்காலி பறக்கும். எந்தத் திருவிழாவிலும் ஜெனரேட்டர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லிங்டன் நிறுத்தவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. ஹாட்ஜஸை எழுப்பி 'ஐ காட் இட் பேட்' என்ற மெல்லிய பாட்டை வாசிக்கச் சொன்னார். அடுத்து 'ஜீப்ஸ் ப்ளூஸ்'. ஹாட்ஜஸ் வாசிக்கும்போது முகத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டாதவர், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போவதை மட்டும் வைத்து ஏழாயிரம் பேர் கூட்டத்தை உட்கார வைத்தார். பிறகு ரே நான்ஸ் ஒரு வேடிக்கைப் பாட்டு பாடினார், அப்புறம் வுட்யார்டின் நீண்ட டிரம்ஸ், கடைசியில் 'மூட் இண்டிகோ' பின்னணியில் விடை சொல்லல். ஏற்றியது மாதிரியே இறக்கவும் செய்தார். சிடியில் இந்த வரிசை முழுவதும் இருக்கிறது. எல்பியில் 'ஜீப்ஸ் ப்ளூஸ்' நீளமான பாட்டுக்கு முன்னால் வருகிறது, அதுவும் ஸ்டுடியோவில் வாசித்தது. அதனால்தான் உங்களுக்கு அந்தப் பாட்டு ஏன் அங்கே இருக்கிறது என்றே புரியாமல் போயிருக்கும். எனக்கு சிடி பிடிக்க முதல் காரணம் இந்த வரிசைதான், சாக்சபோன் தெளிவு இரண்டாவதுதான்.

கொழும்பு நண்பரே, பின்வரிசை உணர்வு பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் நியூபோர்ட்டின் பின்வரிசையில் நின்றவருக்குக்கூட கோன்சால்வஸ் இதைவிட நன்றாகக் கேட்டிருப்பார் என்று மைக்காரன் என்ற முறையில் அடித்துச் சொல்வேன்.

ஃபார்கோ பதிவை நானும் சொல்ல நினைத்தேன். இரண்டு இளைஞர்கள், ஜாக் டவர்ஸும் டிக் பரிஸும், பெட்டி போன்ற, பாட்டை நேராக டிஸ்க்கில் வெட்டிப் பதிக்கும் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், அனுமதி கேட்டு, மேடைப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினார்கள். வெளியிடுகிற எண்ணமே கிடையாது, தங்களுக்காக. டிஸ்க் தீர்ந்துபோனால் பாட்டும் போய்விடும், மாற்றிப் போடும்வரை பேண்டு காத்திருக்காது. பல பத்தாண்டுகள் கழித்து முறையாக வெளிவந்து கிராமியும் வாங்கியது. டிரம்பெட்காரர் கூட்டி வில்லியம்ஸ் அப்போதுதான் பேண்டை விட்டுப் போயிருந்தார், அவர் இடத்துக்கு ரே நான்ஸ் வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. சனம் ஆடிக்கொண்டிருக்கிறது, கைத்தட்டல் கொஞ்சம்தான். ஒட்டினதும் இல்லை.

தம்பிக்கு ஒரு யோசனை. ஃபார்கோவைக் கேட்கும்போது ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், டிஸ்க் இரைச்சல் அதிகம். பாஸில் ஜிம்மி பிளாண்டன் இருக்கிறார், அவருக்கு அப்போது 22 வயது. பியானோவுக்கும் அவருக்கும் நடுவில் நடக்கிற பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், 16 வருஷம் கழித்து வுட்டோடு நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள்.

மாடிவீட்டு_ஸ்பீக்கர் எழுதியது:

ஃபார்கோ கிடைத்துவிட்டது அண்ணே. 'ஸ்டார்டஸ்ட்' வரைக்கும் வந்திருக்கிறேன். கிறுக்கன் சார், வெப்ஸ்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. நியூபோர்ட் விஷயத்தில் நான் முருகு அண்ணன் பக்கம். பிளாண்டனைப் பற்றி இந்த வாரக் கடைசியில் எழுதுகிறேன்.